அலை உடையாத இடம்

கடலை இடது கைப் பக்கம் வைத்துக்கொண்டு தெற்கே நடந்துகொண்டிருந்தேன். நியூ ஜெர்சியில், ஐசலினில் ஓர் ஓட்டல் அடுப்படியை விட்டு வந்து அது இரண்டாவது நாள். சண்டை ஒன்றுமில்லை. தோசைக் கல்லுக்கு மேலே இருந்த புகைபோக்கி ஒரு மாதமாக வேலை செய்யவில்லை. சொல்லிப் பார்த்தேன். ஒரு மத்தியானம் ஏப்ரனை மடித்து மாவு டின்மேல் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். ராவேயில் ரயில் மாறி, கடலோரப் பாதையில் ஏதோ ஒரு ஸ்டேஷனில் இறங்கி நடக்க ஆரம்பித்தேன். கோடையில் கடலோர ஊர்களில் பாத்திரம் கழுவவாவது ஆள் வேண்டியிருக்கும் என்பது மட்டும் தெரியும். எந்த ஊர் என்று யோசிக்கவில்லை.

ஒன்பதாவதில் ஃபெயிலாகிப் படிப்பை விட்டவன் நான். ஊர் திண்டுக்கல் பக்கம். அதுவரை கடலைச் சினிமாவில் பார்த்ததோடு சரி. நீச்சல் தெரியாது. திருப்பூர், மும்பை, ஒரு சரக்குக் கப்பலின் சமையலறை என்று போய், கடைசியில் இந்த நாட்டில் வந்து விழுந்தேன். வந்த பிறகு மூன்று கரைகளில் சாப்பிட்டிருக்கிறேன். டெக்சாஸில் கால்வெஸ்டனில் இறால் உரிக்கும் கொட்டகையில் ஒரு கோடை. அங்கே கடல் வெதுவெதுவென்று, பால் கம்மியாக ஊற்றிய டீ மாதிரி பழுப்பாக இருக்கும். பல நாள் அலை என்று சொல்லும்படி ஒன்றும் வராது. பிறகு சான்டா கிளாராவில் ஒரு கேட்டரிங்காரரிடம் இருந்தேன். அங்கே ஊரில் வெயில் கொளுத்தும். மலையைத் தாண்டிக் கடற்கரைக்குப் போனால் ஜூலையில் மூடுபனி, ஸ்வெட்டர் வேண்டும். அந்தத் தண்ணீரில் பாதத்தை வைத்தால் எலும்பு வலிக்கும்.

நியூ ஜெர்சிக் கடலுக்கு நாளுக்கொரு குணம். தென்மேற்குக் காற்று நாலு நாள் விடாமல் அடித்தால் மேலே இருக்கும் சூடான தண்ணீர் வெளியே போய்விடும், அடியில் கிடக்கும் குளிர்ந்த தண்ணீர் கரைக்கு வரும். ஊரே வெந்துகொண்டிருக்கும்போது கடலில் ஒருவரும் கணுக்காலுக்கு மேல் இறங்கமாட்டார்கள். மேற்கிலிருந்து அடித்தால் கடிக்கிற ஈ. பத்து நிமிஷம் உட்கார முடியாது. மத்தியானத்துக்கு மேல் காற்று கடலிலிருந்து திரும்பினால் எல்லோருக்கும் நல்ல மனது வந்துவிடும், ஐஸ்கிரீம் கடையில் வரிசை நீளும்.

நான் நடந்த அன்று காற்றே இல்லை. வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. கடல் எண்ணெய் ஊற்றினாற்போல் பளபளவென்று கிடந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு சின்ன ஊருக்கு வந்து, கடலோரமாகப் பலகை பாவிய போர்டுவாக்கில் இருந்த கடைகளில் எல்லாம் கேட்டேன். பர்கர் கடை, பீட்ஸா கடை, இறால் பொரிக்கும் கடை. ஜூனிலேயே ஆள் எடுத்தாகிவிட்டது என்றே எல்லோரும் சொன்னார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஒருவர் தண்ணீர் பாட்டில் கொடுத்தார்.

கடற்கரையைச் சுத்தம் செய்கிற டிராக்டர் ஒன்று பாறைச் சுவருக்கருகில் நின்றது. மணல் அரித்துப் போகாமலிருக்க இந்தக் கரையில் நெடுக, கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும்படி பாறைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். டிராக்டரை ஓட்டியது ஒரு பெண். என் வயதுதான் இருக்கும், நாற்பத்தைந்துக்குப் பக்கம். மூக்கு வெயிலில் உரிந்து உரிந்து ஆறாமல் கிடந்தது. குப்பைப் பீப்பாய் ஒன்றைத் தனியாகத் தூக்கச் சிரமப்பட்டாள். ஒரு பக்கம் பிடித்தேன். வேலை இருக்குமா என்று கேட்டேன். அவளும் ஜூன் என்றுதான் சொன்னாள்.

"இன்றைக்குக் கடல் சாது" என்றேன், ஏதாவது பேச வேண்டுமே என்று. அவள் என்னைப் பார்த்துவிட்டு, "எண்ணிப் பார்" என்றாள்.

என்னத்தை எண்ணுவது என்று தெரியவில்லை. ஓர் அலை வந்து உடைந்ததிலிருந்து அடுத்த அலை உடைகிறவரை என்று கையால் காட்டினாள். எண்ணினேன். பதினான்கு வந்தது. சாதாரணமாக இந்தக் கரையில் கோடையில் ஆறு, ஏழுதான் வரும் என்றாள். இடைவெளி நீளமாக இருந்தால் அந்த அலை வெகு தூரத்திலிருந்து வருகிறது, அதற்குள் சரக்கு அதிகம். எங்கேயோ நடுக்கடலில் ஒரு புயல் கரைக்கு வராமல் வடக்கே போய்க்கொண்டிருக்கிறதாம். பத்துப் பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஒன்றுமே இருக்காது, பிறகு நாலைந்து பெரிய அலை சேர்ந்து வரும், மறுபடி அமைதி. வந்த தண்ணீர் எல்லாம் திரும்பிப் போக ஒரு வழி வேண்டும் இல்லையா, அது அங்கே என்று பாறைச் சுவரின் ஓரத்தைக் காட்டினாள். இருபுறமும் நுரை, அங்கே மட்டும் நுரையில்லாமல் கருப்பாக, வழவழவென்று ஒரு சந்து மாதிரி இருந்தது. குளிக்கச் சொல்லியிருந்தால் நானும் அங்கேதான் போயிருப்பேன். அதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.

"நாளைக்கு இன்னும் மோசம்" என்றாள். "அமாவாசை. தண்ணீர் மேலே ஏறும்."

சட்டைப் பையிலிருந்து கடல் ஏற்ற இறக்க நேரம் அச்சடித்த சீட்டு ஒன்றை எடுத்துக் காட்டினாள். அமாவாசைக்குப் பக்கத்தில் ஒரு கருப்பு வட்டம் போட்டிருந்தது. அது ஆடி அமாவாசை என்று எனக்கு அப்போது தோன்றவேயில்லை.

அன்றிரவு கூரை போட்ட ஒரு பெஞ்சில் படுத்தேன். போலீஸ்காரர் ஒருமுறை எழுப்பிப் பேர் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

காலையில் ஆறரை இருக்கும். வெளிச்சம் நன்றாக வந்துவிட்டது, கடல் முந்தின நாளைவிட அமைதியாக இருந்தது. டிராக்டர் தூரத்தில் சின்னதாகத் தெரிந்தது. லைஃப்கார்டுகள் ஒன்பதரைக்குத்தான் வருவார்கள். ஒரு கார் வந்து நின்றது. ஓர் அம்மா இறங்கினார், அறுபத்தைந்து வயதிருக்கும், பருத்திப் புடவை, காலில் வெள்ளை ஷூ. பின்னால் முப்பத்தைந்து வயது மகன், அரைக்கால் சட்டைக்கு மேல் வேட்டியைக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு பித்தளைச் சொம்பும் மடக்கிய துண்டுமாக. பேச்சு காற்றில்லாததால் தெளிவாகக் கேட்டது.

"இங்க வாடா. இங்க பாரு, எவ்ளோ அமைதியா இருக்கு. நம்ம அம்மா மண்டபம் படித்துறை மாதிரியே இருக்குடா."

திருச்சிக்காரர்கள். அவர் காட்டியது பாறைச் சுவரின் ஓரம்.

அப்போதே எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. இரண்டு நாளாக மாற்றாத சட்டை. இந்த மாதிரிக் குடும்பங்களுக்கு நாலு வருஷம் தோசை ஊற்றியிருக்கிறேன். அடுப்படியிலிருந்து அவர்களை எனக்குத் தெரியும், என்னை அவர்களுக்குத் தெரியாது. கிட்டே போனால் ஏதோ கேட்க வருகிறான் என்று நினைப்பார்களே என்று பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். ஐந்து நிமிஷம் இருக்கும். மகன் மணலில் துண்டை விரித்து, போனை வைத்து, ஷூவைக் கழற்ற ஆரம்பித்த பிறகுதான் போனேன்.

அந்த அம்மா என்னைப் பார்த்தவுடன் முகம் மலர்ந்தார். "தம்பி தமிழா? நீங்களும் அமாவாசைக்கா?"

"இல்லம்மா. சும்மா வந்தேன்."

"அப்பா இருக்காரா?"

"இருக்காரும்மா. ஊர்ல."

"அப்ப நீங்க பண்ண வேண்டியதில்ல. நல்லாருக்கட்டும்." பிறகு, யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர் மாதிரி சொன்னார்: "இவங்க அப்பா போய் ரெண்டு வருஷம் ஆச்சு. விசா ஸ்டாம்பிங்ல மாட்டிக்கிட்டு இவனால வர முடியல. கொள்ளி வச்சது என் கொழுந்தனார் பையன். ஒரு தடவையாவது என் கண்ணு முன்னாடி கடல்ல முழுகி அவருக்கு எள்ளுத் தண்ணி விடட்டும்னுதான் கூட்டிட்டு வந்தேன். செவ்வாக்கிழமை எனக்கு ஃபிளைட்டு."

"அம்மா, பாக்கற எல்லார்கிட்டயும் சொல்லணுமா?" என்றான் மகன். கோபமில்லை; வெட்கம்.

"சொன்னா என்னடா? ஊர்ல நாளைக்குத்தான் அமாவாசை. இங்க இன்னைக்கேங்கறாங்க. விட்டா இனி எப்ப?"

நான் மகனிடம், "சார், இந்த இடம் வேண்டாம்" என்றேன். "அங்கிட்டு நுரை வருதுல்ல, அந்தப் பக்கம் முழங்கால் அளவுக்குப் போயிட்டு முழுகுங்க."

"அலை அடிக்கற இடத்துல போய் இறங்க சொல்றீங்களேண்ணா. இங்கதான் அமைதியா இருக்கு."

"அதுக்குத்தான் சார் சொல்றேன்."

"ஆப்ல செக் பண்ணிட்டேண்ணா." போனை எடுத்துக் காட்டினான். "ரெண்டு அடிதான் வேவ். விண்ட் ஜீரோ. ஒண்ணும் ஆகாது."

இரண்டு அடிக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் பதினான்கு என்று போட்டிருந்தது. "அந்தப் பதினாலு, சார்?"

"அது ஏதோ பீரியட். செகண்ட்ஸ். அது நமக்கு வேண்டாம்."

எனக்கு அந்தப் பதினான்கைப் பற்றி முந்தின நாள் மத்தியானம்தான் தெரியும். அதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "டிராக்டர் ஓட்டற அம்மா சொன்னாங்க" என்றேன். எனக்கே சப்பையாகக் கேட்டது. அவன் சிரித்து, கார் சாவியை என்னிடம் கொடுத்து, "ரெண்டு நிமிஷம் வச்சுக்கங்கண்ணா" என்றான்.

போனில் ஐயர் பதிவு செய்து அனுப்பியிருந்த ஆடியோவைப் போட்டுவிட்டு இறங்கினான். தண்ணீர் குளிர்ந்திருந்தது. "ஐயோ, ஐஸ்மா" என்று கத்தினான். அந்த அம்மா சிரித்தார். இடுப்பளவுக்குப் போய்க் கிழக்கே பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டு முதல் முழுக்கு. "அப்பாவ நெனச்சுக்கோடா." இரண்டாவது முழுக்கு. அப்போது பாறைச் சுவரின் முனைக்கு அப்பால் கடல் ஒரு வரிசையாக உயர்வதைப் பார்த்தேன். ஒன்றுக்குப் பின் ஒன்றாக நாலு. அவை அவன் நின்ற இடத்தில் உடையவில்லை. அவனுக்கு இடது புறத்தில், கரை நெடுக உடைந்து, வெள்ளையாகப் பொங்கி, மணலில் எங்கள் கால்வரை வந்து துண்டையும் நனைத்தன. நான் போனை எடுத்துக்கொண்டேன். பிறகு அத்தனை தண்ணீரும் திரும்பிப் போக ஆரம்பித்தது.

மூன்றாவது முழுக்குக்குக் குனிந்தவன் நிமிர்ந்தபோது அவன் கால் தரையில் இல்லை. முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

"போதும்டா, வாடா" என்றார் அம்மா முதலில் சாதாரணமாக. பிறகு, "நேரா வாடா. என்னைப் பாத்து வாடா."

அவன் அவரைப் பார்த்து நீந்தினான். அபார்ட்மென்ட் குளத்தில் கற்ற நீச்சல், சுத்தமான கை வீச்சு. நீந்த நீந்த அதே இடத்தில் இருந்தான். பிறகு அதே இடத்திலும் இல்லை. பாறைச் சுவரின் பாதி நீளத்துக்குப் போய்விட்டான். என் கையில் ஐயர் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "கோத்திரத்தைச் சொல்லுங்கோ. தகப்பனார் பேரைச் சொல்லுங்கோ. எள்ளும் தீர்த்தமும் விடுங்கோ." எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. இன்னொரு கையை டிராக்டரைப் பார்த்து ஆட்டிக்கொண்டிருந்தேன்.

அவள் ஏற்கெனவே வந்துகொண்டிருந்தாள். இறங்கும்போதே ரேடியோவில் பேசி முடித்திருந்தாள். இருக்கைக்குப் பின்னாலிருந்து சிவப்பு மிதவையை எடுத்துக்கொண்டு, பக்கவாட்டில் போ, பக்கவாட்டில் போ என்று ஆங்கிலத்தில் கத்தினாள். நானும் தமிழில் கத்தினேன். அவன் எங்கள் பக்கம் திரும்பவேயில்லை. அவனுக்கு ஆங்கிலம் தெரியாதா என்ன. அவன் கேட்டுக்கொண்டிருந்தது ஒரே குரலை. "நேரா வாடா, நேரா எங்கிட்ட வாடா" என்று அந்தக் குரல் சொல்லிக்கொண்டிருந்தது. அவனும் நேராக வந்துகொண்டிருந்தான், பின்னோக்கிப் போய்க்கொண்டு.

டிராக்டர்க்காரி அந்த அம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னை. "அவரை நடக்க வை" என்றாள். எனக்குப் புரியவில்லை. பாறைச் சுவருக்கு எதிர்ப்பக்கம், நுரை வரும் பக்கம், கையை நீட்டினாள். "அந்தப் பக்கம். அவன் அவரைத்தான் பார்க்கிறான்."

அந்த அம்மாவின் கையைப் பிடித்தேன். "அம்மா, நடங்க."

"புள்ளைய விட்டுட்டு எங்கப்பா வரச் சொல்ற?"

"விட்டுட்டு இல்லம்மா. நீங்க நடந்தா அவரு உங்க பின்னாலயே வருவாரு. கூப்பிட்டுக்கிட்டே நடங்க. நிக்காதீங்க."

ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். யாரென்றே தெரியாத ஆள், மூன்று நாள் தாடி. பிறகு நடந்தார். ஈர மணலில் ஷூவோடு, கண்ணை மகனிடமிருந்து எடுக்காமல், நண்டு மாதிரி பக்கவாட்டில். "இங்க வாடா. இங்க இருக்கேன் பாரு. அம்மா இங்க இருக்கேன்டா." நான் அவர் விழாமல் முழங்கையைப் பிடித்துக்கொண்டு போனேன்.

இருபது அடி போனதும் அவன் தலை திரும்பியது. நாற்பது அடிக்கு அவன் எங்களைத் தொடர்ந்து குறுக்காக வந்துகொண்டிருந்தான், மெதுவாக, கை வீச்சு குழைந்துபோய். பிறகு இழுப்பு விட்டுவிட்டது போலும். திடீரென்று எங்களை நோக்கி நகர்ந்தான். ஓர் அலை அவன்மேல் உடைந்தது, ஆளைக் காணவில்லை, மறுபடி இன்னும் கிட்டே வந்தான். டிராக்டர்க்காரி இடுப்புவரை இறங்கி அவன் கையைப் பிடித்துவிட்டாள்.

மணலில் உட்கார்ந்து உப்புத் தண்ணீரைக் கக்கினான். அம்மா அவன் முதுகில் இரண்டு அடி வைத்தார், பிறகு அதே இடத்தைத் தடவினார். லைஃப்கார்டு தலைவரும் இன்னொருவரும் வண்டியில் வந்து, விரலில் ஒரு கிளிப்பை மாட்டிப் பார்த்து, ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டு, ஆஸ்பத்திரிக்கு வருகிறாயா என்று கேட்டார்கள். வேண்டாமென்றான். இன்றைக்கு மூச்சு வாங்கினால் தாமதிக்காமல் போ என்று எழுதிக் கொடுத்து, கொஞ்சம் திட்டிவிட்டுப் போனார்கள்.

அப்போதுதான் அவன் அரைக்கால் சட்டையோடு இருப்பதை எல்லோரும் கவனித்தோம். பாறைச் சுவருக்கு அப்பால் வெள்ளையாக ஒன்று மிதந்து வெளியே போய்க்கொண்டிருந்தது.

"அப்பா வேட்டிடா அது" என்றார் அம்மா.

"அவரே வாங்கிக்கிட்டாரும்மா. விடு."

இருவரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு முழுக்குத்தான் ஆச்சு" என்றார்.

"அம்மா, ப்ளீஸ்."

"கடல்ல இறங்கச் சொல்லலடா. ஆனா மூணு கணக்கு. அதுக்குத்தானே இவ்ளோ தூரம் வந்தது?" என்னைப் பார்த்தார். "தம்பி, ஒரு வாளி கெடைக்குமா?"

நான் டிராக்டர்க்காரியிடம் கேட்டேன். எதற்கு என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், அவன் அப்பா இறந்தபோது அவனால் போக முடியவில்லை, கடல் தண்ணீர் மூன்று முறை தலையில் விழ வேண்டும், இரண்டு முறைதான் விழுந்தது என்றேன். அவள் டிராக்டரின் பின்னால் போய், ஜெல்லிமீன்களை அள்ளிப் போடும் வாளியை மணல் போட்டுத் தேய்த்து மூன்று முறை கழுவிக் கொண்டுவந்தாள். நுரை வரும் பக்கம் முழங்கால் அளவில் நின்று நான் மொண்டுவந்தேன். அவன் துண்டைக் கட்டிக்கொண்டு கிழக்கே பார்த்து உட்கார்ந்தான். தலையில் ஊற்றினேன். பிறகு ஈரத்தோடு தெற்கே திரும்பி, ஆடியோவை முதலிலிருந்து போட்டு, எள்ளையும் தண்ணீரையும் விட்டான். தகப்பனார் பேரைச் சொல்லுங்கோ என்று வந்த இடத்தில் அவன் ஆடியோவை நிறுத்தினான். அந்த அம்மா சொல்லவில்லை, காத்திருந்தார். அவனே சொன்னான்.

போகும்போது ஒரு டப்பாவில் இருந்த புளியோதரையை அப்படியே என் கையில் கொடுத்துவிட்டார். "வேண்டாம்னு சொல்லாதீங்க தம்பி" என்றார். நான் சொல்லவில்லை.

கார் போன பிறகு டிராக்டர்க்காரி கேட்டாள்: "உங்கள் ஆட்கள் இன்னும் வருவார்களா?"

"நாளைக்கு வருவார்கள்" என்றேன். "இன்னொரு பஞ்சாங்கம் இருக்கிறது. ஊரில் நாளைக்குத்தான் என்பதால் நாளைக்கே செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அதோடு நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை."

"எத்தனை மணிக்கு?"

"லைஃப்கார்டு வருவதற்கு முன்னால். விடியும்போது."

அவள் கடலைப் பார்த்தாள். பிறகு ரேடியோவை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய்த் தலைவரிடம் வெகு நேரம் பேசினாள். திரும்பி வந்து, "ஐந்து மணிக்கு வா. ஆகஸ்ட் முடியும்வரை. ஷூ போட்டுக்கொண்டு வா" என்றாள்.

மறுநாள் ஐந்து மணிக்கு எனக்கு ஆரஞ்சு நிறச் சட்டை ஒன்று கொடுத்தார்கள், இரண்டு ஆள் நுழையலாம். மரக்கட்டைகளை மணலில் அடித்து, பாறைச் சுவரிலிருந்து நாற்பது அடிக்குக் கயிறு கட்டினோம். அன்றும் காற்றில்லை. எண்ணினேன், பதினைந்து வந்தது.

ஆறு மணிக்கு ஒரு வேன் வந்தது. ஆறேழு பேர் இறங்கினார்கள், கையில் சொம்புகள். பெரியவர் ஒருவர் கயிற்றருகில் வந்து, அதற்கு அப்பால் கிடந்த வழவழப்பான தண்ணீரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தமிழா? நீங்க இங்க யாரு, கவர்மென்ட்டா?"

"பீச் வேலைங்கய்யா."

"நல்ல இடத்த அடைச்சு வச்சிருக்கீங்களே. அங்க இறங்கினா என்ன?"

"அங்கதான் இழுக்குங்கய்யா. இந்தப் பக்கமா வாங்க, முழங்கால் தண்ணி போதும். நான் கூட நிக்கிறேன்."

அவர் நம்பின மாதிரி தெரியவில்லை. ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, நுரை வரும் பக்கம் நான் முதலில் இறங்கி நின்றேன்.